ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு விதிகள்: மதுரைச் சிறுதொழில் நிறுவனம் தன் பணியாளரைப் பயிற்றுவிக்கும் முறை

கப்பலூர், கே.புதூர் தொழிற்பேட்டைகளில் ரப்பர் சீல், வால்வு, இயந்திர உதிரிபாகம் போன்றவற்றைச் செய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் சிறு நிறுவனங்களில் ஏற்றுமதி வேலை பெரும்பாலும் ஒரே ஒருவர் பொறுப்பில்தான் இருக்கும். இன்வாய்ஸும் பேக்கிங் லிஸ்ட்டும் தயாரித்துத் தூத்துக்குடியில் உள்ள சுங்க முகவருக்கு அனுப்புபவர் அவர். பயிற்சி என்றதும் நிர்வாகம் அவரை மட்டுமே அனுப்பிவைக்கிறது. அது போதாது. ஒரு பொருள், ஏற்றுமதிக்கு அரசு அனுமதி தேவைப்படும் பொருள்களின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வருகிறதா என்பதை அதன் உலோகக் கலவையும் அளவும் பயன்பாடுமே தீர்மானிக்கின்றன. அவற்றை அறிந்தவர்கள் பட்டறையிலும் வடிவமைப்புப் பிரிவிலும் இருக்கிறார்கள்.

சட்டப் பகுதியை அரை நாளில் முடித்துவிடலாம். 1992-ஆம் ஆண்டின் வெளிநாட்டு வர்த்தக வளர்ச்சி மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம், 2005-ஆம் ஆண்டின் பேரழிவு ஆயுதங்கள் தொடர்பான சட்டம், 2023-ஆம் ஆண்டு வெளிநாட்டு வர்த்தகக் கொள்கையின் 10-ஆவது அத்தியாயம், 'ஸ்கோமெட்' எனப்படும் அந்தக் கட்டுப்பாட்டுப் பட்டியல் ஆகிய நான்கும் எதற்காக உள்ளன என்பது விளங்கினால் தொடக்கத்துக்குப் போதும். பட்டியலின் பிரிவுகள் 0 முதல் 8 வரை எண்ணிடப்பட்டுள்ளன. 0-ஆம் பிரிவுக்கு அணுசக்தித் துறையும், 6-ஆம் பிரிவுக்குப் பாதுகாப்பு உற்பத்தித் துறையும், ஏனைய பெரும்பாலானவற்றுக்கு டி.ஜி.எஃப்.டி. எனப்படும் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகமும் அனுமதி வழங்குகின்றன.

மீதி நேரம் முழுவதும் சொந்த நிறுவனத்தின் பொருள்களை வகைப்படுத்திப் பார்ப்பதில் செல்ல வேண்டும். இதில் முதலில் களைய வேண்டிய தவறான எண்ணம், சுங்கத்துக்காகப் பொருளை வகைப்படுத்தும் 8 இலக்க எச்.எஸ். குறியீடு சரியாக இருந்தால் எல்லாம் சரி என்பது. ஒரே குறியீட்டில் போகும் இரண்டு வால்வுகளில் ஒன்றுக்கு அனுமதி தேவைப்படலாம், மற்றொன்றுக்குத் தேவைப்படாமலும் போகலாம். ரசாயன, உயிரியல் ஆயுதப் பரவலைத் தடுக்கும் நாடுகளின் கூட்டமைப்பான, 2018 ஜனவரியில் இந்தியா சேர்ந்த ஆஸ்திரேலியா குழுமத்தின் வரையறைப்படி, 10 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட நாமினல் சைஸ் (பெயரளவு) கொண்டதாகவும், உள்ளே ஓடும் ரசாயனம் படும் பரப்பு முழுவதும் டெஃப்லான் போன்ற ஃப்ளூரோபாலிமர், டைட்டானியம், 40 விழுக்காட்டுக்கு மேல் நிக்கல் உள்ள கலவை போன்ற அரிப்புத் தாங்கும் பொருளால் ஆனதாகவும் இருக்கும் வால்வு கட்டுப்பாட்டுக்குள் வருகிறது. சாதாரண 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் நிக்கல் 10 முதல் 14 விழுக்காடுதான் என்பதால் அதில் செய்த வால்வு இதில் சேராது. அதே வால்வுக்குள் முழுவதும் டெஃப்லான் லைனிங் கொடுத்துவிட்டால் நிலைமை மாறிவிடும். லைனிங் கொடுக்கப்பட்டது என்ற செய்தி பட்டறை ஆவணத்தில் இருக்குமே தவிர இன்வாய்ஸில் இருக்க வேண்டிய கட்டாயமில்லை. ஆகவே பொறியாளரும் ஆவணப் பணியாளரும் ஒரே மேசையில் அமர்ந்து, கேட்டலாகில் உள்ள ஒவ்வொரு பொருளையும் பட்டியலின் வாசகத்தோடு நிபந்தனை நிபந்தனையாக ஒப்பிட்டு, வருகிறது அல்லது வரவில்லை என்பதைக் காரணத்துடன் எழுதிக் கையொப்பமிடப் பழக வேண்டும். பொருளின் பெயரைப் பார்த்தே பயந்து எல்லாவற்றையும் கட்டுப்பாட்டுப் பொருளாக எழுதிவைப்பதும் பிழைதான். தேவையற்ற விண்ணப்பம் ஆர்டரைத் தாமதப்படுத்தும்.

விற்பனைப் பிரிவினருக்குப் பட்டியலைவிட வாடிக்கையாளரைப் பற்றிய பயிற்சியே முக்கியம். வாங்குபவரின் தொழிலுக்கும் கேட்கும் பொருளுக்கும் தொடர்பில்லாதிருத்தல், இறுதியில் பயன்படுத்துபவர் யார் என்று சொல்லத் தயங்குதல், சரக்கு அனுப்பும் முகவரின் முகவரியையே இறுதி முகவரியாகக் கொடுத்தல், பொருத்துதலும் சர்வீஸும் வேண்டாம் என்று கூறுதல் ஆகியவற்றைக் கண்டால் விலை சொல்வதற்கு முன்பே நிறுத்திக் கேட்கச் சொல்லிக்கொடுங்கள். பட்டியலில் இல்லாத பொருளாக இருந்தாலும், பேரழிவு ஆயுதத்துக்குப் பயன்படும் என்று தெரிந்தால் அதை அனுப்பக்கூடாது.

வடிவமைப்பாளர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: தொழில்நுட்பமும் மென்பொருளும் பட்டியலில் அடங்கியவை, ஆகவே கட்டுப்பாட்டுப் பொருளின் வரைபடத்தை மின்னஞ்சலில் வெளிநாட்டுக்கு அனுப்புவதும் ஏற்றுமதிதான். வடபழஞ்சி, இலந்தைக்குளம் தகவல் தொழில்நுட்பப் பூங்காக்களில் வெளிநாட்டு நிறுவனங்களுக்கு வடிவமைப்பு செய்பவர்களுக்கும் இது பொருந்தும். அமெரிக்க வாடிக்கையாளர் கொடுத்த வரைபடத்தை வேறொரு நாட்டு ஒப்பந்தக்காரருக்கு அனுப்புவதானால் அமெரிக்க விதிகளும் குறுக்கிடக்கூடும்.

பயிற்சிக்காக வெளியே பெரும் செலவு செய்ய வேண்டியதில்லை. ஸ்கோமெட் பட்டியலும் நடைமுறைக் கையேடும் டி.ஜி.எஃப்.டி. இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அனுமதி விண்ணப்பம் இணையவழியாக டெல்லித் தலைமையகத்துக்கே போகிறது என்றாலும், அந்த இயக்குநரகத்தின் அலுவலகம் மதுரையிலும் இருக்கிறது; புதிய ஏற்றுமதியாளருக்கு வழிகாட்டும் 'நிர்யாத் பந்து' திட்டத்தைப் பற்றி அங்கே விசாரிக்கலாம். கட்டண வகுப்பில் சேர்வதானால், உங்கள் பொருள்களை எடுத்துக்கொண்டு வகைப்படுத்தும் பயிற்சி உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள். வெறும் சான்றிதழ் தரும் வகுப்பால் பயனில்லை.

பயிற்சி முடிந்ததும் பழைய ஆர்டர்களின் கோப்புகளில் சிலவற்றை வாங்குபவர் பெயரை மறைத்துக் கொடுத்து, பொருள், எதற்குப் பயன்படுத்தப்போகிறோம் என்று வாங்குபவர் தரும் இறுதிப் பயன்பாட்டுச் சான்றிதழ், சேருமிடம் ஆகியவற்றில் எங்கே நிறுத்தியிருக்க வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள். விடைத்தாள்களை வகைப்படுத்தல் குறிப்புகளோடு சேர்த்துக் கோப்பில் வையுங்கள். பட்டியல் திருத்தப்பட்டதாக அறிவிப்பு வந்தால், முழு வகுப்பையும் மறுபடி நடத்தாமல், திருத்தம் தொடும் பொருள்களின் குறிப்புகளை மட்டும் அதே பொறியாளரும் ஆவணப் பணியாளரும் மீண்டும் பார்த்துத் தேதியிட்டால் போதும்.