மத்தியதரைக் கடலிலும் அட்ரியாட்டிக்கிலும் கப்பல் பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெனிஸ் பக்கம் ஏறி ஏதென்ஸில் இறங்கும் ஏழு நாள் கப்பல் பயணத்துக்குப் பணம் கட்டியவுடன் எல்லாரும் முதலில் செய்வது ஊர்களை எண்ணுவதுதான். ஸ்ப்ளிட், டுப்ரோவ்னிக், கோட்டோர், கோர்ஃபு, ஒலிம்பியா, ஏதென்ஸ். இத்தாலி, குரோஷியா, மான்டெனெக்ரோ, கிரீஸ் என்று ஒரே வாரத்தில் நான்கு நாடு! திரும்பி வந்த பிறகு கேட்டால், எந்த மதில் எந்த ஊரில் இருந்தது என்பது பலருக்கு நினைவில் இருக்காது. எல்லாப் படத்திலும் கல் தெரு, சிவப்பு ஓட்டுக் கூரை, பின்னால் கடல்.

அலைச்சலால் வந்த மறதி என்று இதைச் சொல்ல மாட்டேன். ஒரே கதையின் அத்தியாயங்களைத் தனித்தனி ஊராகப் பார்த்ததால் வந்தது. நான் முதல் தவறாகச் சொல்வது இதைத்தான்.

ஒரு சிங்கத்தைப் பின்தொடருங்கள். வெனிஸ் குடியரசின் சின்னம் இறக்கை முளைத்த சிங்கம். புனித மாற்குவின் சிங்கம் என்பார்கள். ஸாடார் நகரின் நிலவாசலில் அது பெரிதாக நிற்கும். கோட்டோர் மதிலில் இருக்கும், கோர்ஃபு கோட்டையில் இருக்கும். கோர்ஃபுவை 1386 முதலும் கோட்டோரை 1420 முதலும் வெனிஸ் ஆண்டது. 1797இல் நெப்போலியன் அந்தக் குடியரசையே முடித்துவைக்கும் வரை இரண்டும் அதன் கையில்தான் இருந்தன. இந்தத் துறைமுகங்கள் வெனிஸ் கப்பல்கள் கிழக்கே போய்வரும் வழியில் தண்ணீர் பிடிக்க, பழுது பார்க்க, புயலுக்கு ஒதுங்க நின்ற இடங்கள். உங்கள் கப்பல் போவதும் கிட்டத்தட்ட அதே வழிதான்.

இப்போது டுப்ரோவ்னிக்கில் இறங்குங்கள். நகர வாசலில் சிங்கம் இருக்காது. கையில் ஊரின் சிறு மாதிரியை ஏந்திய புனித பிளாசியஸ் நிற்பார். ரகூசா என்று பெயர் கொண்டிருந்த அந்த ஊர் 1205 முதல் 1358 வரை வெனிஸுக்குக் கீழ் இருந்தது. அதிலிருந்து விடுபட்ட பிறகு ஒட்டோமான் சுல்தானுக்குக் கப்பம் கட்டியாவது தன் சுதந்திரத்தை 1808 வரை காப்பாற்றிக்கொண்டது. வெனிஸ் நிலப்பகுதி தன் எல்லையைத் தொடக் கூடாது என்பதற்காகவே நேயும் என்ற கடலோரத் துண்டை 1699இல் ஒட்டோமான்களிடம் விட்டுக்கொடுத்தது. இன்றைய வரைபடத்தில் குரோஷியக் கரையை வெட்டிக்கொண்டு போஸ்னியா ஒரு விரல் அளவுக்குக் கடலைத் தொடுகிறதே, அதற்குக் காரணம் அந்தப் பயம்தான். இவ்வளவு தெரிந்துகொண்டு டுப்ரோவ்னிக் மதிலில் ஏறி நடப்பதும், தெரியாமல் நடப்பதும் ஒன்றாக இருக்கவே முடியாது.

அதனால், வழிகாட்டியோடு போகும் பண்பாட்டுப் பயணம் என்று கூடுதல் பணம் கொடுத்துவிட்டு, முந்தைய நாள் மாலை கப்பலில் நடக்கும் விளக்க உரையைத் தவற விடாதீர்கள். அது முடிந்த பிறகும் சாப்பிடப் போகலாம். மறுநாள் கரையில் உள்ளூர் வழிகாட்டிக்கு இருபது முப்பது பேரைக் கூட்ட நெரிசலில் நகர்த்த வேண்டிய வேலை இருக்கும். முழுக் கதையையும் அவரால் அங்கே தொடக்கத்திலிருந்து சொல்ல முடியாது.

சரி, அடுத்தது நடைமுறையில் வரும் தவறுகள்.

பெயர்ப் பலகையை நம்புவது

பயணத் திட்டத்தில் "ரோம்" என்று இருந்தால் கப்பல் நிற்பது சிவிட்டாவெக்கியாவில். ரோம் அங்கிருந்து சுமார் 70 கிலோமீட்டர். "ஃப்ளோரன்ஸ்" என்றால் லிவோர்னோ. சுமார் 90 கிலோமீட்டர். ஏதென்ஸ் என்றால் பிரேயஸ். இது பரவாயில்லை, பழங்காலக் கோயில்கள் நிற்கும் அக்ரோபோலிஸ் குன்று பத்துக் கிலோமீட்டருக்குள் வந்துவிடும். ஒலிம்பியா என்றால் கடாக்கொலோன் என்ற சின்ன ஊரில் இறங்கி, இன்னும் 35 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சிவிட்டாவெக்கியாவில் கப்பல் பத்து மணி நேரம் நிற்கிறது என்றால், இறங்கும் வரிசை, போகவர மூன்று மணி நேரம், கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்னால் ஏறியிருக்க வேண்டிய விதி எல்லாம் கழிந்து ரோமில் உங்களுக்குக் கிடைப்பது ஐந்து ஐந்தரை மணி நேரம். அதில் வத்திக்கான் அருங்காட்சியகமும் கொலோசியமும் இரண்டுமே பார்க்க நினைத்தால் இரண்டும் கெட்டுப்போகும். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

வெனிஸ் தனிக் கதை. 2021 ஆகஸ்ட் 1 முதல் பெரிய கப்பல்கள் புனித மாற்கு சதுக்கத்துக்கு முன்னால் போகத் தடை. அதனால் "வெனிஸ்" என்று விற்கப்படும் பல பயணங்கள் மார்கேராவிலோ ராவென்னாவிலோ ட்ரியெஸ்தேயிலோ தொடங்குகின்றன. கடைசி இரண்டும் வெனிஸிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் தள்ளி இருப்பவை. வெனிஸ் விமான நிலையத்துக்குக் காலையில் வந்து மதியம் கப்பல் ஏறலாம் என்று டிக்கெட் போட்டவர்கள் பாடுபடுவது இங்கேதான். ஒரு நாள் முன்னதாகவே போய்ச் சேருங்கள்.

இதில் எனக்கு மனசு வலிப்பது ராவென்னா விஷயத்தில். ராவென்னாவில் வந்து இறங்குகிறவர்கள் அந்த ஊரை ஒரு பேருந்து நிறுத்தமாக நினைத்து நேராக வெனிஸுக்கு ஓடிவிடுகிறார்கள். துறைமுகத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் இருக்கிறது சான் வித்தாலே தேவாலயம். 547இல் அர்ப்பணிக்கப்பட்டது. பேரரசர் ஜஸ்டினியனும் பேரரசி தியோடோராவும் பரிவாரத்தோடு சுவரில் நிற்கிறார்கள், ஆயிரத்து நானூறு ஆண்டு தாண்டியும் வண்ணம் மங்காத கண்ணாடித் துண்டுகளால் ஆன மொசைக் ஓவியங்களில். பக்கத்திலேயே கல்லா பிளாசிதியா நினைவு மண்டபம். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணச் செங்கல் கட்டடம். உள்ளே தலையை உயர்த்தினால் ஆழ்ந்த நீல வானம், அதில் பொன் நட்சத்திரங்கள். இத்தாலியக் கவிஞர் தாந்தே 1321இல் இறந்ததும் இதே ஊரில். அவர் கல்லறை நடந்து போகும் தூரம். பண்பாட்டுப் பயணம் என்று கிளம்பியவர் இதை விட்டுவிட்டுப் போகக் கூடாது.

கிழமையைப் பார்க்காதது

தேதியைப் பார்ப்பவர்கள் கிழமையைப் பார்ப்பதில்லை. ஃப்ளோரன்ஸின் உஃபிஸி, அக்காடெமியா கலைக்கூடங்கள் இரண்டுக்கும் திங்கட்கிழமை விடுமுறை. வத்திக்கான் அருங்காட்சியகம் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் மூடியிருக்கும். நேப்பிள்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்துக்கு விடுமுறை செவ்வாய்.

நேப்பிள்ஸில் நம்மவர்கள் தவறவிடக் கூடாத ஒன்று அந்த அருங்காட்சியகத்தில் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். 1938இல் பொம்பேயி அகழாய்வில், இந்தியாவில் செய்த ஒரு தந்தப் பெண் சிலை கிடைத்தது. ஒரு முழத்துக்கும் குறைவான உயரம், உடல் முழுக்க நகை, இரு பக்கமும் தோழியர். பொம்பேயி லட்சுமி என்ற பெயர் நிலைத்துவிட்டாலும், யட்சியாக இருக்கலாம் என்கிறார்கள் அறிஞர்கள். வெசூவியஸ் வெடித்த கி.பி. 79க்கு முன்பே கடல் கடந்து ஒரு வீட்டுக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறது. பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய யவனர் கப்பல்களை அகநானூறு பாடுகிறதே, அந்த வணிகத்தின் மறுமுனைக்கு அருகில்தான் நீங்கள் நிற்கிறீர்கள். எகிப்து வழியாகக் கிழக்குச் சரக்கு வந்து இறங்கிய பொத்சுவோலி துறைமுகம் நேப்பிள்ஸை ஒட்டியே இருக்கிறது. பொம்பேயி இடிபாடுகளை மட்டும் பார்த்துவிட்டு ஓடி வருகிறவர்களுக்கு இந்தச் சிலை கண்ணில் படாது. அருங்காட்சியகத்தில் அது இருப்பது 'ரகசிய அறை' என்ற பகுதியில். அந்த அறை திறந்திருக்கிறதா என்று வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

முன்பதிவும் இதோடு சேர்ந்ததுதான். அக்ரோபோலிஸுக்கு 2023 செப்டம்பர் முதல் நாளுக்கு 20,000 பேர்தான். நுழையும் நேரமும் டிக்கெட்டிலேயே இருக்கும். பொம்பேயியும் 2024 நவம்பரிலிருந்து 20,000 என்று வரம்பு வைத்திருக்கிறது. கடும் வெயில் நாட்களில் அக்ரோபோலிஸை மதியம் மூடியும் விடுகிறார்கள். போய் வாங்கிக்கொள்ளலாம் என்று இங்கே நம்பி இருக்க முடியாது. ஜூலை, ஆகஸ்டை விட்டுவிட்டு மே மாதமோ செப்டம்பர் கடைசியோ கிடைத்தால் அதையே எடுங்கள். நம் ஊர் வெயிலைப் பார்த்தவர்களுக்கு இது என்ன என்று நினைக்க வேண்டாம். நிழலே இல்லாத கற்பாறை மேல் இரண்டு மணி நேரம் நிற்பது வேறு.

விசாவை ஒரே நுழைவாக வாங்குவது

இந்திய, இலங்கை கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம். குரோஷியா 2023 ஜனவரி 1 அன்று ஷெங்கனிலும் (ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குள் போய்வரக்கூடிய பகுதி) யூரோவிலும் சேர்ந்துவிட்டது. பழைய பயணக் குறிப்புகளைப் படித்துவிட்டு அந்த நாட்டின் பழைய பணமான குனா நோட்டை இன்னும் தேட வேண்டாம். ஆனால் கோட்டோர் இருக்கும் மான்டெனெக்ரோ யூரோவைப் பயன்படுத்தினாலும் ஷெங்கனில் இல்லை. அதாவது, டுப்ரோவ்னிக்கிலிருந்து கோட்டோர் போனால் ஷெங்கனை விட்டு வெளியேறுகிறீர்கள். மறுநாள் கோர்ஃபுவில் திரும்ப நுழைகிறீர்கள். ஒருமுறை நுழையும் விசா என்றால் அதோடு முடிந்தது. பல முறை நுழையும் ஷெங்கன் விசா கேட்டு வாங்குங்கள், விண்ணப்பத்தோடு கப்பல் வழித்தடத்தையும் இணையுங்கள். துருக்கியில் எபேசஸ் என்ற பழங்கால நகரத்தைப் பார்க்கக் குஷாடாசி துறைமுகத்துக்குப் போகும் பயணங்களுக்கும் இதே கதைதான். அதற்குத் துருக்கி விசா தனியாக வேண்டுமா என்பதைக் கப்பல் நிறுவனத்திடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

விளம்பரத்தின் சொற்களைப் படிக்காதது

"பனோரமிக் சுற்றுலா" என்றால் பேருந்து ஜன்னல் வழியே பார்ப்பது. "புகைப்பட நிறுத்தம்" என்றால் இறங்கிப் பத்து நிமிடம். "உள்ளே நுழைவு உட்பட" என்று எழுதியிருந்தால் மட்டுமே உள்ளே போவீர்கள். மூன்று சொற்களுக்கும் விலையில் பெரிய வித்தியாசம் இல்லாமலும் இருக்கலாம். படித்துப் பார்த்து வாங்குங்கள்.

கப்பலின் அளவையும் கேளுங்கள். சில ஆயிரம் பேர் ஏறும் கப்பல் பல ஊர்களில் கடலில் நங்கூரமிட்டு நிற்கும். டெண்டர் எனப்படும் சிறு படகில் கரைக்குப் போக வேண்டும். படகு ஆடும்போது படியிறங்கி ஏற வேண்டியிருக்கும். முழங்கால் வலி உள்ள அப்பா அம்மாவை அழைத்துப் போகிறவர்கள் எந்தெந்த ஊரில் டெண்டர் என்பதை முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நூறு இருநூறு பேர் போகும் சிறு கப்பல் விலை அதிகம்தான். ஆனால் கோர்ச்சுலா, ஹ்வார் போன்ற சின்னத் துறைகளுக்குள் அது போகும். பண்பாடு பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் பெரிய கப்பலின் நீச்சல் குளத்தை விட இது மேல் என்பது என் எண்ணம்.

காலில் போடுவதைப் பற்றி இரண்டு வரி. டுப்ரோவ்னிக்கின் ஸ்த்ராதுன் தெருவும் எபேசஸின் சலவைக்கல் தெருவும் நூற்றாண்டுகளாகத் தேய்ந்து கண்ணாடி போல வழுக்கும். நல்ல பிடிப்புள்ள ஷூ போடுங்கள். தேவாலயங்களுக்குத் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். புடவைக்கும் சுடிதாருக்கும் கவலையே இல்லை, அரைக்கால் சட்டைக்காரர்கள்தான் வாசலில் நிற்பார்கள்.

ஸ்ப்ளிட்டில் ஒரு வேடிக்கையான தவறு நடக்கும். டயோக்லீசியன் அரண்மனை எங்கே என்று தேடுவார்கள், அரண்மனைக்குள் நின்றுகொண்டே. 305இல் பதவி துறந்த அந்த ரோமப் பேரரசர் வந்து தங்கிய மாளிகைக்குள், ஏழாம் நூற்றாண்டில் பக்கத்து சலோனா நகரத்து மக்கள் அடைக்கலம் புகுந்தார்கள். அன்றிலிருந்து அது ஒரு ஊர். ஜன்னல்களில் துணி காய்கிறது, இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. கிறிஸ்தவர்களைக் கொடுமைப்படுத்திய பேரரசரின் கல்லறை மண்டபமே இன்று அவர் காலத்தில் கொல்லப்பட்ட ஆயர் தோம்னியஸின் பெயரில் தேவாலயமாக நிற்கிறது. இங்கே நுழைவுச்சீட்டு வாங்கி ஓடுவதை விட, ஒரு காபியோடு பெரிஸ்டைல் முற்றத்தின் படிகளில் அரை மணி நேரம் உட்காருங்கள்.

கடிகாரம்

இத்தாலி, குரோஷியா, மான்டெனெக்ரோ மூன்றுக்கும் ஒரே நேரம். கிரீஸ் ஒரு மணி நேரம் முன்னால். செல்பேசி கரையிலுள்ள கோபுரத்தைப் பார்த்துத் தானாக மாறிவிடும். கப்பல் தன் நேரத்தை எப்போது மாற்றும் என்பது கப்பல்காரர்கள் முடிவு. கோர்ஃபுவில் இறங்கும்போது வாசலில் எழுதியிருக்கும் "கப்பல் நேரத்தை" கைக்கடிகாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கப்பலே ஏற்பாடு செய்த சுற்றுலா தாமதமானால் பொதுவாகக் காத்திருப்பார்கள். நீங்களாக டாக்சி பிடித்துப் போனால் காத்திருக்க மாட்டார்கள். அடுத்த துறைமுகம் வரை உங்கள் செலவு. தனியாகப் போவதைத் தவறென்று சொல்லவில்லை. ஸ்ப்ளிட், கோர்ஃபு, கோட்டோர் போல ஊர் துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் இடங்களில் தனியாகச் சுற்றுங்கள். ரோம், ஃப்ளோரன்ஸ், ஒலிம்பியா போன்ற தூரத்து ஊர்களுக்குக் கூட்டத்தோடு போங்கள்.

செல்பேசி என்றதும் ஞாபகம் வருகிறது: கடலில் இருக்கும்போது விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள். கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பில் அது தானாகச் சேர்ந்துகொண்டால் வரும் பில், ஒரு நாள் சுற்றுலாவின் விலையைத் தாண்டிவிடலாம்.

கடைசியாக, கோட்டோர். பலர் அங்கே செய்யும் தவறு, கப்பல் நின்ற பிறகு எழுந்திருப்பது. மலைகளுக்கு நடுவே வளைந்து உள்ளே போகும் அந்த விரிகுடாவுக்குள் கப்பல் ஒரு மணி நேரத்துக்கும் மேல் மெதுவாக நகரும். வெரிகே என்ற குறுகிய கழுத்தைத் தாண்டியதும் எதிரே பெராஸ்ட் ஊர், அதன் முன்னால் இரண்டு குட்டித் தீவுகள். அவற்றில் நீலக் குவிமாடத் தேவாலயம் இருக்கும் தீவு மனிதர்கள் உண்டாக்கியது. கல்லைக் கொட்டியும், கல் நிரப்பிய பழைய படகுகளை மூழ்கடித்தும் எழுப்பினார்கள். இன்றும் ஒவ்வொரு ஜூலை 22 அன்றும் ஊர்க்காரர்கள் படகில் வரிசையாகப் போய் அங்கே கல் போடுகிறார்கள். முந்தைய இரவே கப்பல் வரவேற்பறையில் கேளுங்கள், "விரிகுடாவுக்குள் எத்தனை மணிக்கு நுழைகிறோம்?" என்று. காலை ஐந்தரை என்று சொன்னாலும் ஒரு சால்வையை எடுத்துக்கொண்டு மேல்தளத்துக்கு ஏறிவிடுங்கள்.