மறைபொருள் குறுக்கெழுத்து: தமிழில் குறிப்பு கட்டுவதும் அவிழ்ப்பதும்

அரசனோடு ஒரு மாதம் ஆண்டாள் (2)

இது மறைபொருள் குறுக்கெழுத்தில் (cryptic crossword) விடையை மறைத்துச் சொல்லும் ஒரு குறிப்பு. படித்தவுடன் ஏதோ அரண்மனைக் கதை போலத் தோன்றும். அரசன் என்றால் 'கோ'. ஒரு மாதம் 'தை'. இரண்டையும் சேர்த்தால் கோதை, அதாவது ஆண்டாள். அடைப்புக்குள் இருக்கும் 2 என்பது விடையில் எத்தனை எழுத்து என்பதற்கான கணக்கு. ஆங்கிலத்தில் ஆள் பெயரைப் பெரிய எழுத்தில் தொடங்கியே ஆகவேண்டும். பாதி ரகசியம் அங்கேயே உடைந்துவிடும். தமிழில் அந்தத் தொல்லை இல்லாததால் ஆண்டாள், மாதவி, கண்ணன், செல்வி எல்லாரும் பெயராகவும் சாதாரணச் சொல்லாகவும் வேடம் மாற்றி நிற்பார்கள்.

எந்தக் குறிப்பிலும் இரண்டு பகுதிகள்தாம். விடையின் நேரான அர்த்தத்தைச் சொல்வது பொருள். எழுத்துகளை எப்படிச் சேர்க்க வேண்டும் என்று சொல்வது வித்தை. பொருள் குறிப்பின் தலையில் நிற்கும் அல்லது வாலில் நிற்கும், நடுவில் நிற்காது. ஆங்கிலத்தில் 1939 முதல் ஆப்சர்வர் ஞாயிறு இதழில் சிமெனீஸ் என்ற புனைபெயரில் புதிர் அமைத்த டெரிக் மக்நட், சரியான பொருள், நியாயமான வித்தை, இவை தவிர வேறொன்றும் குறிப்பில் இருக்கக்கூடாது என்று வரம்பு கட்டினார். மூன்றாவதுதான் கஷ்டம். அழகுக்காகச் சேர்த்த ஒரு சொல் பொருளிலும் வித்தையிலும் பங்கில்லாமல் நின்றால் அவிழ்ப்பவர் அரைமணி நேரம் அதைப் பிடித்துத் தொங்குவார்.

கட்டத்தின் கணக்கு

தமிழில் ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம் எதுவானாலும் ஒரு கட்டம்தான். நகரம் என்பது ந, க, ர, ம் என்று நான்கு. பாடம் மூன்று. ஸ்ரீயும் ஒன்றே. கணினி நிரலை நம்பி எண்ணக்கூடாது. ஒருங்குறியில் பாடம் என்பது ப, துணைக்கால், ட, ம, புள்ளி என ஐந்து குறிகள். நீளம் கேட்டால் 5 என்றே சொல்லும். திருப்பிப் போடச் சொன்னால் துணைக்காலை முன்னால் தூக்கி வைத்துவிடும். காகிதத்தில் கட்டம் போட்டு எழுதிப் பார்ப்பதே பாதுகாப்பு.

கலைத்துப்போடுதல்

கட்டங்களை இடம் மாற்றி வேறு சொல் ஆக்குவது. "சீர்குலைந்த நகரம் பாவிகள் சேருமிடம் (4)" என்றால் நரகம். குழம்பி, சிதறி, தடுமாறி, உருக்குலைந்து, கலவரத்தில் போன்றவை இதற்கான சைகைச் சொற்கள். கலைக்கவேண்டிய எழுத்துகள் குறிப்பில் கண்ணெதிரே இருக்க வேண்டும். நகரத்துக்குப் பதில் 'பட்டணம்' என்று போட்டு, அதை நகரம் ஆக்கி, பிறகு கலைத்துக்கொள் என்பது அநியாயம்.

தமிழில் இந்த வகை ஆங்கிலத்தைப்போல் தாராளமாகக் கிடைக்காது. சொல்லுக்கு முதலில் மெய் வராது. உயிர் முதலில் மட்டுமே வரும். ட, ண, ர, ல, ழ, ள, ற, ன வரிசைகள் பழகிய சொற்களின் முதலில் அரிது. ஆகவே உயிரில் தொடங்கும் சொல்லைக் கலைத்தாலும் அந்த உயிர் முதல் கட்டத்தை விட்டு நகராது. அப்படிப்பட்ட சொல்லைக் கலைக்க முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஒளித்துவைத்தல்

"காசி வன்னிமரத்துக்குள் உறையும் கடவுள் (3)". காசி வன்னிமரம் என்பதில் கா-வை விட்டுவிட்டுப் படித்தால் சி, வ, ன் கிடைக்கும்.

புதிதாக எழுதுவோர் அதிகம் சறுக்குவது இங்கேதான், அதற்குக் காரணம் ஒற்று. 'நாடகம்' என்ற விடைக்கு "நாட கம்பன் எழுதியதில் ஒரு பகுதி மேடையேறுவது" என்று எழுதத் தோன்றும். நா, ட, க, ம் வரிசையாக இருக்கிறது, மேலோட்டமும், அதாவது வாக்கியமாகப் படிக்கும்போது தோன்றும் கதையும், ஜோர். ஆனால் நாட என்பது செயவென் எச்சம்; பின்னால் வல்லினம் வந்தால் 'நாடக் கம்பன்' என்றே எழுதவேண்டும். ஒற்றுப் போட்டால் விடை உடைகிறது, போடாவிட்டால் தமிழ் உடைகிறது. குறிப்பைக் குப்பையில் போடுவதே மரியாதை.

தப்பிக்க வழி உண்டு. இரண்டாம் சொல் உயிரில் தொடங்கினால் விடையின் நடுவில் உயிர் வந்துவிடும், அதனால் அது உதவாது. ந வரிசை சொல்லின் நடுவே அபூர்வம். மிஞ்சுவது ம, வ, கொஞ்சம் ய. ஒளித்துவைக்க எண்ணினால் விடையில் ம அல்லது வ வரிசை எழுத்துக்கு முன்னால் வெட்ட முடிகிறதா என்று முதலில் பாருங்கள். வல்லினம்தான் வேண்டுமென்றால் எழுவாயும் பயனிலையும்போல ஒற்று மிகாத இடமாகத் தேடுங்கள்.

சேர்த்தலும் உள்ளே வைத்தலும்

தமிழ்க் குறிப்புகளின் முதுகெலும்பு இவைதாம். நன்னூல் 42 ஓரெழுத்து ஒருமொழிகளைக் கணக்கிட்டிருக்கிறது. ஆ (பசு), ஏ (அம்பு), கா (சோலை), கோ (அரசன்), தா (கொடு), நா (நாக்கு), பா (பாட்டு), பூ, பை, மா (குதிரை, மாமரம்), மை, வை. ஒரு கட்டத்தில் ஒரு முழுச்சொல்! எந்தப் புதிர்க்காரருக்கும் இது பெரிய சொத்து. "கொடு, மான் திருமகளுக்கு ஆசனமாவது (3)" என்ற குறிப்பில் தா, மரை சேர்ந்து தாமரை. மரை ஒரு வகை மான்.

அடுத்த சொத்து பழைய எண்கள். க ஒன்று, உ இரண்டு, எ ஏழு, அ எட்டு, ய பத்து, வ கால். ஔவையார் பாடியதாக வழங்கும் தனிப்பாடலில் 'எட்டேகால் லட்சணமே' என்று திட்டுவது இந்தக் கணக்கில்தான்: எட்டு அ, கால் வ, ஆக அவலட்சணம். மறைபொருள் குறிப்பு மேற்கிலிருந்து வந்தது என்று யாராவது சொன்னால் இந்த வரியைக் காட்டலாம்.

கலைக்குள் கால் வைத்தால் வருத்தம் (3)

கலை என்ற சொல்லுக்குள் வ நுழைந்தால் கவலை. சைகை 'உள்' மட்டுமே. விழுங்கி, அணைத்து, சூழ, நடுவே, புகுந்து என்பனவும் இதே வேலையைச் செய்யும். யார் வெளியே, யார் உள்ளே என்பது வேற்றுமை உருபிலிருந்து ஐயமில்லாமல் தெரிய வேண்டும்.

சேர்க்கும்போது ஒரு விதி: சொல் இயல்பாகப் பிரியும் இடத்தில் வெட்டாதீர்கள். தலைவலியைத் தலை, வலி என்று பிரித்தால் அது புதிரே அல்ல, அகராதி விளக்கம்.

காலும் கொம்பும்

கால் என்ற சொல்லுக்கு இன்னொரு முகம் துணைக்கால். "முதலில் கால் வைத்த படம் கற்பிக்கப்படுவது (3)" பாடம். "கால் உடைந்த வாரம் கடவுள் கொடுத்தது (3)" வரம். கோ என்பதில் இரட்டைக்கொம்பும் காலும் இருப்பதால் "கால் இழந்த கோள், விசாரி (2)" கேள் ஆகிவிடும். எழுத்தை ஓர் அலகாகக் கொண்ட ஆட்டத்தில் அதை உடைத்து விளையாடலாமா என்று முறைப்பவர்கள் உண்டு. எந்த எழுத்தின் கால் என்பது தெளிவாக இருந்தால் தவறில்லை; ஒரே புதிரில் இரண்டுக்கு மேல் போனால் சலிப்பு. மேலே கவலைக்கான குறிப்பில் துணைக்காலை முயன்று பார்த்தால் 'காலை' என்று இரண்டு எழுத்தே கிடைக்கும், பொருளும் ஒட்டாது. அவிழ்ப்பவர் அப்படித்தான் வ-வுக்கு வந்து சேர்வார்.

திருப்புதல், வெட்டுதல், இருபொருள், ஒலி

திருப்புதல் அரிது. மெய்யில் முடியும் சொல் எதையும் திருப்ப முடியாது. "திரும்பி வந்த சிவாவைப் படிக்கச் சொல் (2)" வாசி என்பது போலச் சிலவே அமையும்.

தலையில்லாத, வாலறுந்த, இடையற்ற என்பவை வெட்டும் சைகைகள். "தலையில்லாத மாதவிபோலத் துடி (2)" தவி. எழுத்தைக் குறைத்துக் குறைத்துப் புதுச்சொல் காட்டும் அக்கரச்சுதகம், பாட்டுக்குள் பாட்டை ஒளிக்கும் கரந்துறைச் செய்யுள், திருப்பிப் படித்தாலும் மாறாத மாலைமாற்று ஆகியவை தண்டியலங்காரத்தின் சொல்லணிகள். புதிர்க்காரர்கள் ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது.

இருபொருளுக்கு "வாசலில் இருப்பதைக் கற்றுக்கொள் (2)" படி. இரண்டு பொருளும் ஒரே வேரிலிருந்து வந்தால் சுவை கெடும்.

ஒலியை வைத்து எழுதினால் சைகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். "ஆற்றோரம், காதில் விழுந்தது, சட்டைக்கு அழுக்கு" என்றால் கரையா கறையா என்று தெரியாது. "காதில் விழுந்த ஆற்றோரம் சட்டையில் படிந்தது (2)" என்றால் கறை மட்டுமே. ல, ள, ழ மூன்றையும் ஒன்றாக்கும் குறிப்பை நாக்குச் சுத்தமானவர்கள் மன்னிக்க மாட்டார்கள்.

ஒரு குறிப்பைக் கட்டுவது

விடை விமானம் என்று வைத்துக்கொள்வோம். முதலில் வி | மா | ன | ம் என்று கட்டமிட்டு எழுதுங்கள். ஒவ்வொரு கோட்டிலும் வெட்டிப் பாருங்கள். வி + மானம் கிடைக்கிறது. விமா + னம் பயனில்லை. விமான + ம் எழுத்தை வாலில் ஒட்டும் வேலை. திருப்பினால் மெய்யில் தொடங்கும், விட்டுவிடலாம். கலைத்தால் மாவினம் என்று ஒரு சொல் வருகிறது, இலக்கணப்படி சரிதான், ஆனால் யாரும் அப்படிப் பேசுவதில்லை. அதை வைத்து எழுதினால் குறிப்பு முழுவதும் மாந்தோப்புக்குப் போய்விடும்.

ஆக மானம் பிழைத்தது. அதற்குக் கௌரவம் என்று மாற்றுச்சொல். வி-க்கு ஒரு வழி வேண்டும். முதலெழுத்தைத் தரக்கூடிய சொற்களை வரிசையாக எழுதுங்கள்: விதி, விடியல், விலை, விண். விமானத்தோடு உறவுள்ளது விண். பொருளுக்குப் 'பறப்பது', 'கருவறைக்கு மேலே நிற்பது' என்று இரண்டு வாய்ப்பு. விண் இருப்பதால் முதலாவது ஒட்டும்.

விண்ணின் தொடக்கமே கௌரவமாய்ப் பறப்பது (4)

இப்போது சோதனை. 'இன்' உருபு வித்தையிலும் அதே வேலையைச் செய்கிறது. 'ஆய்' ஒட்டுப்பசை, பொறுத்துக்கொள்ளலாம். 'ஏ' வெறும் அழுத்தம். கறாரானவர் அதையும் நீக்கிவிடுவார். பெயர்ச்சொல் விடைக்குப் பெயர்ச்சொல் பொருள், பறப்பது சரி. 'பறக்கும்' என்று முடித்திருந்தால் அது வினை, விடைக்குப் பொருந்தாது. கடைசியாக ஒருநாள் மூடிவைத்துவிட்டு மறுநாள் படியுங்கள். முந்தைய நாள் மின்னியது பாதி மறுநாள் மங்கித் தெரியும்.

கட்டவலை

ஆங்கிலத்தின் 15×15 வலையை அப்படியே எடுக்காதீர்கள். தமிழ்ச்சொல் கட்டக்கணக்கில் சிறுத்துவிடும், பெரும்பாலும் மூன்று முதல் ஆறு. 9×9 அல்லது 11×11 போதும். குறுக்குச் சந்திப்பில் எழுத்து அப்படியே பொருந்த வேண்டும். மா இருக்குமிடத்தில் ம போதாது. 247 எழுத்துகளோடு மல்லுக்கட்டுவதால் சந்திப்புகளை க, ட, ர, து, டு, ம், ன், ல் போன்ற அடிக்கடி வருவனவற்றில் வையுங்கள். வலது கீழ் மூலையில் இரண்டு சொல்லும் ம் என்று முடிந்தால் வேலை சுலபம். இடது, மேல் ஓரங்களில் சொல் தொடங்கும் கட்டங்களில் மெய் வரமுடியாது என்பதால் அவற்றைக் கடக்கும் சொற்களை முதலில் நிரப்புங்கள்.

அவிழ்ப்பவருக்கு

தமிழ் வாக்கியத்தில் பயனிலை கடைசியில் நிற்பதால் பொருளும் பெரும்பாலும் அங்கேயே வந்து சேரும். கடைசிச் சொல்லைப் பொருளாக எடுத்து, எழுத்து எண்ணிக்கைக்கு ஏற்ற விடைகளை மனதில் ஓட்டுங்கள். ஒத்துவராவிட்டால் முதல் சொல்லுக்குத் தாவுங்கள். நிறுத்தற்குறிகளை நம்பாதீர்கள், அவை மேலோட்டக் கதைக்காகப் போட்டவை.

கால், தலை, அடி, இடை, கடை, முதல், வால், கொம்பு, எட்டு, பத்து இவற்றில் ஒன்று கண்ணில் பட்டால் நேர்ப்பொருளில் இருக்க வாய்ப்புக் குறைவு. வினையெச்சமும் பெயரெச்சமும் பெரும்பாலும் சைகைகள். எதுவும் பிடிபடாதபோது குறிப்பை இடைவெளி இல்லாமல் ஒரே மூச்சில் எழுதிப் பாருங்கள், ஒளிந்திருக்கும் சொல் தானே தலைகாட்டும்.

சந்திப்பு எழுத்துகள் கிடைத்தபிறகு இலக்கணம் உங்கள் கட்சி. ங் இருந்தால் அடுத்து க வரிசை. ட் இருந்தால் அடுத்தது க, ச, ட, ப வரிசைகளுள் ஒன்று. ற் என்றால் க, ச, ப, ற. சொல்லின் கடைசிக் கட்டத்தில் க், ச், ட், த், ப், ற் வந்தால் ஏற்கெனவே போட்ட ஏதோ ஒரு விடை தவறு, அல்லது அது பிறமொழிப் பெயர். விடை கிடைத்தபின் வித்தையின் ஒவ்வொரு சொல்லுக்கும் வேலை இருக்கிறதா என்று சரிபாருங்கள். ஒரு சொல் மிச்சமிருந்தால் விடை தவறாக இருக்கலாம், குறிப்பு எழுதியவர் சறுக்கியிருக்கவும் கூடும். முதலில் உங்கள் விடையைச் சந்தேகப்படுங்கள்.