எவ்ரியா, ஹைஜெட்டா? மலைநாட்டுக்காரர் ஒப்பிடும்போது செய்யும் தவறுகள்

மரக்கறி ஏற்ற, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோக, கடைக்குச் சாமான் எடுக்க என்று சின்ன வேன் தேடுபவர்கள் கடைசியில் வந்து நிற்பது பெரும்பாலும் சுசூக்கி எவ்ரியிலும் டைஹாட்சு ஹைஜெட்டிலும்தான். இரண்டும் பின்சக்கரத்தில் ஓடுபவை, இரண்டிலும் இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில், இரண்டும் 660 சிசிக்கு உட்பட்டவை. அதனால் "எந்தக் கம்பனி வேன் நல்லா ஏறும்?" என்ற கேள்வியே பிழை. டர்போ (இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி) இருக்கிறதா இல்லையா என்றுதான் முதலில் கேட்கவேண்டும்.

டர்போ இல்லாத எவ்ரிக்கு 49 குதிரைவலு, முறுக்குவிசை ஏறத்தாழ 60 நியூட்டன் மீற்றர். டர்போ உள்ளதற்கு 64, 95. ஹைஜெட்டிலும் கிட்டத்தட்ட இதே வித்தியாசம்தான். ஒருவர் தன் டர்போ எவ்ரியைச் சாதாரண ஹைஜெட்டோடு ஓட்டிப் பார்த்துவிட்டு "ஹைஜெட் ஏத்தத்துக்கு உதவாது" என்பார். அதை நம்பி வேன் வாங்குவதுதான் பெரிய நட்டம்.

அப்புறம் உயரம். நுவரெலியா கிட்டத்தட்ட 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத இன்ஜின் அந்த அளவுக்கு வலுவை இழக்கும். 49 குதிரை 41 ஆகிவிடும். டர்போ காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால் இழப்பு குறைவு. கொழும்பில் ஓட்டிப் பார்க்கும்போது இது தெரியவே தெரியாது. கண்டி, கம்பளைப் பக்கம் ஓட்டம் என்றால் சாதாரண இன்ஜின் போதும். தலவாக்கலை, நுவரெலியா என்றால் கூடுதலாகக் கொடுத்தாவது டர்போவை எடுங்கள்.

காலி வேனை ஓட்டிப் பார்த்து முடிவெடுக்கவும் கூடாது. இன்ஜின் பாரம் முன்பக்கம் விழுவதால், காலியாக இருக்கும்போது பின்சக்கரத்தில் பாரம் குறைவு. மழைநாளில் தோட்டத்து மண்பாதையில் சில்லு நின்ற இடத்திலேயே சுற்றி, சேற்றை வாரி அடிக்கும். உடனே வண்டியைக் குறை சொல்லவேண்டாம். அதே வேனில் நாலைந்து மூட்டை கோவா ஏற்றினால் சில்லு மண்ணைக் கடித்துக்கொண்டு ஏறும். ஆனால் அப்போது இன்ஜின் திணறும். ஆகவே ஒரே பாதையில், ஒரே பாரத்தோடு, இரண்டையும் ஓட்டவேண்டும். கொண்டை ஊசி வளைவில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, முதல் கியரில் எடுத்துப் பாருங்கள். டயரையும் பாருங்கள்: ஒன்றில் புது டயர், மற்றதில் தேய்ந்த டயர் என்றால் ஒப்பீடே கிடையாது.

லீற்றருக்கு இத்தனை கிலோமீற்றர் என்ற ஜப்பான் கணக்கு நம் ஏத்தத்துக்குப் பொருந்தாது, அதை விட்டுவிடலாம்.

இறக்கத்தைப் பலரும் சோதிப்பதே இல்லை. ராம்பொடையிலிருந்து இறங்கும்போது குறைந்த கியரில் வேன் தன்னைத்தானே பிடித்துக்கொள்கிறதா, இல்லை பிரேக்கை மிதித்துக்கொண்டே வரவேண்டியிருக்கிறதா? கீழே வந்து நிறுத்தியதும் சில்லுப் பக்கம் கருகல் வாடை வந்தால், பிரேக்கைப் பார்க்காமல் விலை பேசாதீர்கள்.