பேச்சுத் தொடர்பியலில் முனைவர் பட்டம்: அமெரிக்காவுக்கு விண்ணப்பிப்போருக்கு ஒரு வழிகாட்டி

‘ஸ்பீச் கம்யூனிகேஷன்’ என்று இணையத்தில் தேடும் மாணவருக்கு மூன்று வெவ்வேறு துறைகள் ஒன்றாகக் கலந்து வந்து நிற்கும். அந்தப் பெயரிலேயே வெளிவரும் ஆய்விதழ் ஒன்று பெரும்பாலும் பேச்சொலியின் இயல்பையும், அதைக் கணினி அறிந்துகொள்ளும் முறைகளையும், செயற்கைக் குரலையும் பற்றியது. அது மின்னணுவியலும் கணினியறிவியலும் படித்தவர்களின் இடம். அடுத்தது திக்குவாய், பக்கவாதத்தால் பேச்சிழந்தோர் ஆகியோருக்குச் சிகிச்சை தரும் பேச்சு மருத்துவம். மைசூரில் உள்ள அகில இந்தியப் பேச்சு மற்றும் செவிப்புலன் நிறுவனம் போன்றவை கற்பிப்பது அதைத்தான். மூன்றாவதே இங்கு நாம் பேசப்போவது: மேடைப்பேச்சு, விவாதம், பிறரை இணங்கவைத்தல், அன்றாட உரையாடல், குழுக்கள் முடிவெடுக்கும் விதம் ஆகியவற்றை ஆராயும் துறை. விண்ணப்பக் கட்டணம் செலுத்துவதற்கு முன் இந்த மூன்றில் எது தமக்குரியது என்று தெளிந்துகொள்வதே முதல் வேலை.

இந்தப் பெயர்க் குழப்பத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 1914 நவம்பரில், ஆங்கில ஆசிரியர்களின் தேசியக் கழகத்துக்குள் தங்களுக்குப் போதிய இடமில்லை என்று கருதிய மேடைப்பேச்சு ஆசிரியர்கள் 17 பேர் சிக்காகோவில் பிரிந்து வந்து தனிச் சங்கம் தொடங்கினார்கள். பேச்சுக் குறைபாடுகளைக் கவனித்தவர்கள் 1925-இல் தங்களுக்கென்று வேறொரு சங்கம் கண்டு விலகிச் சென்றார்கள். தாய்ச் சங்கம் பலமுறை பெயர் மாறி, 1970-இல் பேச்சுத் தொடர்பியல் சங்கம் என்றும், 1997-இல் ‘பேச்சு’ என்ற சொல்லையே கைவிட்டு நேஷனல் கம்யூனிகேஷன் அசோசியேஷன் என்றும் ஆனது. துறைகளும் அதே வழியில் சென்றன. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் ‘ஸ்கூல் ஆஃப் ஸ்பீச்’ இன்று ‘ஸ்கூல் ஆஃப் கம்யூனிகேஷன்’. இல்லினாய், ஜார்ஜியா, பென்சில்வேனியா ஸ்டேட், வாஷிங்டன் பல்கலைக்கழகங்களில் பேச்சுத் தொடர்பியல் என்றிருந்த துறைகளும் இன்று வேறு பெயர்களில் இயங்குகின்றன. எனவே பழைய பெயரை வைத்துத் தேடுபவர் நல்ல துறைகளில் பெரும்பாலானவற்றைத் தவறவிடுவார். கம்யூனிகேஷன், கம்யூனிகேஷன் ஸ்டடீஸ், ரெட்டரிக் (சொல்லாட்சிக் கலை) ஆகிய பெயர்களில் தேட வேண்டும். மேற்சொன்ன சங்கம் தன் இணையதளத்தில் வைத்திருக்கும் முனைவர் பட்டத் திட்டங்களின் கையேட்டிலிருந்து தொடங்குவது இன்னும் நல்லது. இதழியல், வெகுஜனத் தொடர்பியல் துறைகள் பெயரளவில் நெருக்கமாகத் தோன்றினாலும் பல இடங்களில் அவை தனிக் கல்லூரியாகவே இருக்கும்.

கேள்வி முதலில், பல்கலைக்கழகம் பிறகு

நம் மாணவர்கள் பெரும்பாலும் தரவரிசைப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மேலிருந்து கீழாக வருகிறார்கள். பொறியியல் முதுகலைக்கு அது ஓரளவு உதவலாம். இந்தத் துறையின் முனைவர் பட்டத்துக்கு உதவாது. இங்கு ஒவ்வொரு துறைக்கும் ஒரு முறையியல் சார்பு உண்டு, அந்தச் சார்புக்கு வெளியே நிற்கும் கேள்வியை, எவ்வளவு அருமையானதாயினும், வழிநடத்த அங்கே ஆள் இருக்கமாட்டார்.

கிராம சபைக் கூட்டத்தில் பெண்கள் எழுந்து பேசுவதை ஆராய விரும்பும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ரெட்டரிக் மரபில் பயின்றவர், ஒரு பெண்மணி குடிநீர்க் குழாயைப் பற்றிப் பேசிய பேச்சை முழுமையாக எழுத்தாக்கி, அவர் தன்னை யாராக முன்னிறுத்தினார், கேட்பவர்களை யாராக அழைத்தார், எந்த நெருக்கடியைச் சொல்லால் கட்டியெழுப்பினார் என்று வாசிப்பார். ஒரு பேச்சைத் தேவையாக்கும் நெருக்கடியையும் கேட்பவர்களையும் குறிக்க, லாயிட் பிட்சர் 1968-இல் முன்வைத்த ‘சொல்லாட்சிச் சூழல்’ என்ற கருத்து அவருக்கு முதல் படிக்கட்டு. சமூக அறிவியல் மரபினர், சில நூறு பெண்களிடம் வினாநிரல் கொடுத்து, பேசுவதற்கான அச்சத்தை அளந்து, புள்ளியியல் செய்வார். ஜேம்ஸ் மெக்ராஸ்கி உருவாக்கிய 24 வினாக்கள் கொண்ட அளவுகோல் இதற்கு நெடுங்காலமாகப் பயன்படுகிறது. உரையாடல் பகுப்பாய்வாளரோ கூட்டத்தைக் காணொளியாகப் பதிந்து, அந்தப் பெண் வாய் திறந்ததற்கும் ஊராட்சித் தலைவர் குறுக்கிட்டதற்கும் இடையே எத்தனை நொடி மௌனம் என்று பத்தில் ஒரு நொடி வரை கணக்கிட்டு, கெயில் ஜெபர்சன் வகுத்த குறியீடுகளில் எழுதுவார். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கெர்ரி பிலிப்சன் வளர்த்த பேச்சு இனவரைவியல் மரபில் வந்தவர், அந்த ஊரிலேயே மாதக்கணக்கில் தங்கி, எந்த இடத்தில் பேசுவது பேச்சாகவும் எந்த இடத்தில் பேசுவது வாயாடித்தனமாகவும் கருதப்படுகிறது என்று கேட்டறிவார்.

பொருள் ஒன்றே, ஆனால் நான்கு ஆய்வேடுகள், நான்கு வகைப் பயிற்சி. இந்த நான்கில் எதைச் செய்யத் தம் மனம் விரும்புகிறது என்று சொல்லத் தெரியாதவர் இன்னும் ஓர் ஆண்டு வாசித்துவிட்டு விண்ணப்பிக்கலாம், அதில் நட்டமில்லை.

மரபு தெளிவானதும் நெறியாளர்களைத் தேடும் கட்டம் வரும். துறையின் இணையப்பக்கத்தில் உள்ள ‘ஆர்வங்கள்’ பட்டியலை நம்பி முடிவுசெய்யக் கூடாது. அது பத்தாண்டுகளுக்கு முன் எழுதப்பட்டதாக இருக்கலாம். ஒரு பேராசிரியருடைய அண்மைய கட்டுரைகள் இரண்டை முழுதாக வாசித்து, அவரிடம் ஆய்வேடு முடித்தவர்கள் எதைப் பற்றி எழுதினார்கள், இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள் என்பதைப் பார்த்தால் உண்மை நிலை தெரிந்துவிடும். ஓய்வு பெறும் வயதை நெருங்குகிறாரா என்பதையும் சங்கடப்படாமல் கவனிக்க வேண்டும். ஒரு துறையில் தமக்குப் பொருத்தமான ஒரே ஒருவர்தான் இருக்கிறார் என்றால் அங்கு விண்ணப்பிக்கத் தயங்குவதே விவேகம். அவர் வேறு ஊருக்கு மாறிப்போனால் மாணவர் நடுவழியில் நிற்க நேரிடும்.

அவருக்கு எழுதும் மின்னஞ்சல் எட்டு வரிகளுக்கு மிகாமல் இருக்கட்டும். தாம் யார், எந்தக் கேள்வி தம்மை ஆட்கொண்டிருக்கிறது, அவருடைய எந்தக் கட்டுரையின் எந்த வாதத்தோடு அது உரசுகிறது, வரும் ஆண்டில் அவர் புதிய மாணவரை ஏற்கிறாரா: இவ்வளவுதான். ‘மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் மேலான வழிகாட்டுதலில் பணியாற்றும் பாக்கியம்’ என்கிற நம் பாணியை ஆங்கிலத்தில் இறக்கிவைத்தால், நூறு பேருக்கு அனுப்பிய கடிதம் என்றே அவர் எடுத்துக்கொள்வார்.

விண்ணப்பக் கோப்பு

இலையுதிர்ப் பருவச் சேர்க்கைக்கான கடைசி நாள் பெரும்பாலும் முந்தைய ஆண்டின் டிசம்பர் தொடக்கத்துக்கும் ஜனவரி நடுப்பகுதிக்கும் இடையில் விழும். ஆகவே ஏப்ரல், மே மாதங்களிலேயே வேலையைத் தொடங்கிவிட வேண்டும். மூன்றாண்டு இளங்கலை மட்டும் உள்ளவர்களை எல்லாப் பல்கலைக்கழகங்களும் ஏற்பதில்லை. முனைவர் பட்டத்துக்கு ஏற்கெனவே முதுகலை முடித்தவர்களையே விரும்பும் இடங்கள் இந்தத் துறையில் ஏராளம்; ஆங்கில இலக்கியம், மொழியியல், சமூகவியல், தொடர்பியல் ஆகிய எதில் முதுகலை பெற்றிருந்தாலும் வழி உண்டு. ஜி.ஆர்.இ. என்ற பொது நுழைவுத் தேர்வைப் பல துறைகள் கைவிட்டுவிட்டதால், பட்டியலில் உள்ள ஒவ்வொன்றின் பக்கத்தையும் பார்த்த பிறகே அதற்குப் பணம் கட்டலாம். டோஃபல், ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் திறன் தேர்வுகளில் மொத்த மதிப்பெண்ணைவிடப் பேச்சுப் பகுதியின் மதிப்பெண்ணைத் தனியாகப் பார்ப்பார்கள். முதல் பருவத்திலேயே வகுப்பெடுக்க வேண்டியவர் என்பதுதான் காரணம்.

எதை, ஏன் ஆராய விரும்புகிறோம் என்று விண்ணப்பத்தோடு எழுதும் நோக்க உரையைப் (ஸ்டேட்மெண்ட் ஆஃப் பர்ப்பஸ்) பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். என்னிடம் திருத்தத் தரப்பட்ட உரைகளில் பாதிக்குமேல், ‘சிறுவயது முதலே பேச்சுப் போட்டிகளில் பரிசுகள் பெற்றுவந்த எனக்கு’ என்ற பொருளில்தான் தொடங்கின. பேராசிரியர் குழு தேடுவது நல்ல பேச்சாளரை அன்று. பேச்சைக் குறித்து ஒரு கேள்வியை விடாமல் துரத்தக்கூடியவரை. அப்படித் தொடங்கிய ஒருவரிடம், பரிசு பெற்ற அந்தப் பேச்சில் இன்று நினைத்தாலும் புரியாதது ஏதேனும் உண்டா என்று கேட்டேன். எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் செய்து ஒப்பித்த பேச்சைத்தான் நடுவர்கள் ‘உள்ளத்திலிருந்து வந்தது’ என்று பாராட்டினார்கள் என்றார். மனப்பாடம் செய்த சொல் எப்போது, யாருக்கு உண்மையான உணர்வாகக் கேட்கிறது? அந்தக் கேள்வியே அவருடைய உரையின் முதல் வரியானது. கோப்பைகள் அனைத்தும் வெளியேறின.

எழுத்து மாதிரி என்பது பதினைந்து முதல் இருபத்தைந்து பக்கம் வரையிலான ஆய்வுக் கட்டுரை. என் கணிப்பில் கோப்பில் மிகுந்த எடை உள்ளது இதுதான், நம் மாணவர்கள் மிகக் குறைந்த நேரம் செலவிடுவதும் இதில்தான். முதுகலை ஆய்வேட்டின் ஓர் இயலை அப்படியே வெட்டி அனுப்புவது போதாது; அதற்கு முன்னுரையும் வாதமும் முடிவும் தந்து, தனித்து நிற்கும் கட்டுரையாக மாற்றி எழுத வேண்டும்.

பரிந்துரைக் கடிதங்கள் மூன்று தேவைப்படும். ‘நீயே எழுதிக் கொண்டு வாப்பா, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்’ என்று சொல்லும் ஆசிரியர்கள் நம் ஊரில் உண்டு. மூன்று கடிதங்களும் ஒரே நடையில், ஒரே உரிச்சொற்களோடு வந்தால் படிப்பவருக்கு உடனே புரிந்துவிடும் என்பது ஒருபுறமிருக்க, அது நேர்மையும் ஆகாது. அத்தகைய ஆசிரியரிடம் தம் கட்டுரைகள், மதிப்பெண்கள், வகுப்பில் எழுந்த விவாதங்கள் பற்றிய குறிப்புகளைக் கொடுத்துவிட்டு, கடிதத்தை அவரையே எழுதும்படி பணிவாகக் கேட்டுக்கொள்ளலாம். மறுத்தால், பதவியில் சிறியவராயினும் தம்மை நன்கறிந்த வேறோர் ஆசிரியரை நாடலாம்.

பணம்

உதவித்தொகை இல்லாமல் சேர்க்கை மட்டும் தரும் முனைவர் பட்டத்தை ஏற்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. வழக்கமான ஏற்பாட்டில், வாரம் இருபது மணி நேரக் கற்பித்தல் பணிக்கு ஈடாகக் கல்விக் கட்டணம் தள்ளுபடியாகி, மாதந்தோறும் ஊக்கத்தொகையும் கிடைக்கும். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் படிப்போர் பருவ காலத்தில் வளாகத்துக்குள் வாரம் இருபது மணி நேரத்துக்கு மேல் வேலை செய்ய முடியாது என்பதால், அந்தத் தொகைக்கு மேல் சம்பாதிக்க ஏறக்குறைய வழியில்லை. எனவே கடிதம் வந்ததும் சிலவற்றை எழுத்து மூலமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்: உதவி எத்தனை ஆண்டுகளுக்கு, ஒன்பது மாதத்துக்கா பன்னிரண்டு மாதத்துக்கா, தள்ளுபடியில் சேராத கட்டணங்கள் எவ்வளவு, மருத்துவக் காப்பீட்டில் மாணவர் பங்கு என்ன. கோடை மூன்று மாதங்களுக்கு வருமானமில்லை என்பதைப் போய்ச் சேர்ந்த பிறகு கண்டுபிடித்தவர்களை நான் அறிவேன். பல பல்கலைக்கழகங்கள் கையெழுத்திட்ட உடன்பாட்டின்படி, நிதியுதவியுடன் கூடிய அழைப்புக்கு ஏப்ரல் 15 வரை விடை சொல்ல அவகாசம் உண்டு. அதற்குமுன் நெருக்கினால் அவசரப்பட வேண்டியதில்லை. விசாவுக்காகப் பல்கலைக்கழகம் அனுப்பும் ஐ-20 படிவம் வந்தபின், அமெரிக்க அரசின் மாணவர் பதிவேடான செவிஸுக்குக் கட்டணம் 350 டாலர், விசாக் கட்டணம், பயணச்சீட்டு, முதல் மாத வாடகையும் முன்பணமும் என, முதல் ஊக்கத்தொகை கைக்கு வருமுன்னரே ஆகும் செலவுக்குத் தனியாகச் சேமித்து வைக்க வேண்டும்.

அந்தக் கற்பித்தல் பணி பெரும்பாலும் இளங்கலை மாணவர்களுக்கான மேடைப்பேச்சு வகுப்பாகவே இருக்கும். பேச்சுத் தொடர்பியல் துறைகளைப் பொருளாதார ரீதியில் தாங்கி நிற்பதும் அந்த வகுப்புதான். பட்டிமன்றமும் அரசியல் மேடையும் கேட்டு வளர்ந்தவருக்கு அங்கே முதலில் ஒரு திகைப்பு உண்டாகும். ‘அவர்களே, அவர்களே’ என்று மேடையில் இருப்போர் அனைவரையும் விளித்து முடிப்பதற்குள், அங்கே ஒரு மாணவரின் ஆறு நிமிடப் பேச்சு முடிந்து அவர் இருக்கைக்குத் திரும்பியிருப்பார். முதல் அரை நிமிடத்தில் மையக் கருத்து, பின் மூன்று கிளைகள், ஒவ்வொன்றுக்கும் சான்று, கடைசியில் முடிவுரை என்ற சட்டகத்தை வைத்து மதிப்பெண் போட வேண்டும். அந்தச் சட்டகமும் ஒரு பண்பாட்டின் விளைவே என்று உணர்ந்தவருக்கு அந்த வகுப்பறையே ஆய்வுக்களமாகிவிடும். விவாத அணிகளைப் பயிற்றுவிக்கும் உதவிப் பணிகளும் சில இடங்களில் உண்டு. அறிவிப்புகளில் ‘ஃபாரென்சிக்ஸ்’ என்று இருந்தால் அது தடயவியல் அன்று, பேச்சு, விவாதப் போட்டிகளைக் குறிக்கும் பழைய சொல்.

சேர்ந்த பிறகு

முதல் இரண்டாண்டுகள் பாடங்கள். அடுத்து, சில நாள்கள் தொடர்ந்து எழுதும் விரிவான தேர்வு. பிறகு ஆய்வுத் திட்ட முன்வரைவு. அதன்பின் ஆய்வேடும் வாய்மொழித் தேர்வும். குழுவில் நான்கைந்து பேர் இருப்பார்கள், ஒருவர் வெளித்துறையிலிருந்து வருவது வழக்கம். தமிழ் மேடைப்பேச்சை ஆராய்பவர் அந்த வெளி இடத்துக்கு மானுடவியலாளரையோ தெற்காசிய ஆய்வாளரையோ அழைப்பது நல்லது. மதுரையில் களப்பணி செய்து தமிழ் அரசியல் மேடையை ஆராய்ந்த பெர்னார்டு பேட் மொழியியல் மானுடவியலர். தொடர்பியல் இதழ்களுக்குள் மட்டும் தேடுபவர் அவரைப் போன்றோரை அறியாமலே போகக்கூடும்.

மனிதர்களைப் பதிவு செய்வதாக இருந்தால் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிக்குழுவிடம் முன்கூட்டியே ஒப்புதல் பெற வேண்டும். கோடையில் ஊருக்கு வந்தபோது கையோடு நான்கு கூட்டங்களைப் பதிவுசெய்துகொண்டு திரும்பி, பிறகு ஒப்புதல் கேட்டால் அந்தப் பதிவுகள் பயன்படாமல் போகும். ஒப்புதல் படிவத்தைத் தமிழிலும் தர வேண்டியிருக்கும். சட்ட நடையில் மொழிபெயர்த்தால் யாரும் கையெழுத்திடமாட்டார்கள், பேச்சு வழக்கை ஒட்டிய எளிய தமிழில் எழுதிக் குழுவுக்கு அதன் ஆங்கில விளக்கத்தைச் சேர்த்துக் கொடுக்கலாம். இதற்கெல்லாம் இரண்டு மூன்று மாதங்கள் பிடிக்கும் என்பதால், கோடைக் களப்பணிக்கான மனு பிப்ரவரியிலேயே போய்விட வேண்டும்.

நேஷனல் கம்யூனிகேஷன் அசோசியேஷனின் மாநாடு ஆண்டுதோறும் நவம்பரில் நடக்கும். கட்டுரைகளை வசந்த காலத்திலேயே அனுப்ப வேண்டும் என்பதால், இரண்டாம் ஆண்டில் எழுதும் பருவக் கட்டுரை ஒன்றையாவது இதை மனத்தில் வைத்தே எழுதுவது பயன் தரும். உதவிப் பேராசிரியர் பணிகளுக்கான அறிவிப்புகள் பெரும்பாலும் ஆகஸ்டு முதல் நவம்பர் வரை வெளியாகி, பணி அடுத்த ஆகஸ்டில் தொடங்கும். ஆகவே வேலைக்கு விண்ணப்பிக்கும் இலையுதிர்ப் பருவத்துக்குள் ஆய்வேட்டில் குறைந்தது இரண்டு இயல்களாவது நெறியாளரின் கையில் இருக்க வேண்டும். எப்போது முடிப்பார் என்று அவர் பரிந்துரைக் கடிதத்தில் மாதத்தைக் குறிப்பிட்டு எழுத அதுதான் ஆதாரம்.