குழந்தைக்கு வாசித்துக் காட்டப் படப்புத்தகம் தேர்ந்தெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மொரிசியஸில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலான குழந்தைகள் கிரியோல் மொழியில்தான் பேசத் தொடங்குகிறார்கள். பிரெஞ்சு தொலைக்காட்சியிலிருந்தும் ஆங்கிலம் பள்ளிப் புத்தகத்திலிருந்தும் வந்து சேர்கின்றன. தமிழோ கோவிலிலும், பள்ளியில் விருப்பப் பாடமாகக் கற்பிக்கப்படும் வகுப்பிலும், வயதானவர்கள் உள்ள சில வீடுகளிலும் மட்டுமே அவர்கள் காதில் விழுகிறது. குழந்தைக்குத் தமிழ் வர வேண்டுமே என்ற ஏக்கத்தோடு கடைக்குப் போகும் பெற்றோர் முதலில் செய்யும் தவறு, கதையைத் தேடாமல் பாடத்தைத் தேடுவதுதான். பக்கத்துக்கு ஓர் எழுத்தும் ஒரு படமுமாக அச்சிட்ட அரிச்சுவடியை வாங்கிவந்து, அதையே இரவில் மடியில் வைத்து வாசிக்கிறார்கள். எழுத்துக் கற்பிக்க அது பயன்படலாம். ஆனால் அடுத்த பக்கத்தில் என்ன நடக்கும் என்ற ஆவல் அதில் பிறக்க வழியில்லாததால், இரண்டாம் நாளே குழந்தை மடியை விட்டு இறங்கிவிடுகிறது.

அடுத்த தவறு, நம் மொழிக்கே உரியது என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியது: புத்தகத்தைக் கண்ணால் மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுப்பது. கோவில் மண்டபத்தில் மாலை வகுப்பு எடுக்கும்போது, ஒருநாள் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு ஓர் அழகிய படப்புத்தகத்தை விரித்து, "அடர்ந்த காட்டின் நடுவே அமைந்திருந்த குளத்தில் நீர் அருந்துவதற்காகச் சென்ற யானைக்குட்டி கால் வழுக்கி விழுந்தது" என்று வாசித்தேன். ஒருவர் முகத்திலும் அசைவில்லை. புத்தகத்தை மூடிவிட்டு, "யானைக்குட்டி தண்ணி குடிக்கப் போச்சு, கால் வழுக்குச்சு, தொப்!" என்றேன். மண்டபமே "தொப்!" என்று திருப்பிச் சொன்னது. தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில்தான் வரும் என்பதால், நீண்ட வாக்கியத்தில் என்ன நடந்தது என்று தெரிவதற்குள், அதற்கு முன் வந்த அத்தனை சொற்களையும் குழந்தை மனத்தில் சுமந்துகொண்டிருக்க வேண்டியிருக்கிறது. அதோடு, பேச்சில் "போச்சு" என்று கேட்டுப் பழகிய காதுக்குச் "சென்றது" என்பது வேறொரு சொல்லாகவே ஒலிக்கிறது. ஆகவே வாங்குவதற்கு முன் கடையிலேயே இரண்டு பக்கங்களை மெல்லிய குரலிலாவது வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். மூச்சு முட்டாத வாக்கியங்கள், பக்கந்தோறும் திரும்பி வரும் ஒரு வரி, சலசல, தடதட என்று ஓசையிடும் இரட்டைக்கிளவிகள் ஆகியவை இருந்தால் அது வாசித்துக் காட்டத் தகுந்த புத்தகம். கடினமான சொல் ஒன்றிரண்டு இருப்பதால் கெடுதல் இல்லை. அவற்றைப் படமே விளக்கிவிடும்.

படத்தில் உள்ளதையே எழுத்தும் திரும்பச் சொல்லும் புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பதும் தவறே. எழுத்து சொல்லாத ஒன்று, மரத்தின் பின்னே ஒளிந்திருக்கும் பூனையோ, கதை முழுவதும் ஊர்ந்து வரும் எறும்போ, படத்தில் இருந்தால்தான் குழந்தை விரலை நீட்டிப் பேச ஆரம்பிக்கும். 1988-இல் வெளிவந்த ஆய்வொன்றில் வைட்ஹர்ஸ்ட் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும், பெற்றோர் வாசித்துக்கொண்டே போவதைவிட, கேள்வி கேட்டு, குழந்தை சொன்னதை விரித்துச் சொல்லி, பேச இடம் கொடுத்து வாசிக்கும்போது குழந்தையின் பேச்சுத் திறன் கூடுதலாக வளர்வதைக் காட்டினார்கள். பக்கம் நிறைய எழுத்தை அடைத்துவைத்த புத்தகத்தில் அந்த இடமே கிடைப்பதில்லை.

இருமொழிப் புத்தகங்களைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. சென்னையின் தூலிகா பதிப்பகம் போன்றோர் தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் அமைந்த நல்ல படப்புத்தகங்களை வெளியிடுகிறார்கள். தவறு புத்தகத்தில் இல்லை, ஒவ்வொரு வரியையும் இரு மொழியிலும் அடுத்தடுத்து வாசிப்பதில்தான் இருக்கிறது; அப்படிச் செய்தால், தனக்குத் தெரிந்த மொழி வரும்வரை காத்திருக்கக் குழந்தை கற்றுக்கொள்கிறது. கதையை முதலிலிருந்து கடைசிவரை தமிழிலேயே வாசியுங்கள். படத்தைப் பற்றிய பேச்சு கிரியோலில் நடந்தால் நடக்கட்டும். நம் சமையலறைக் கிரியோலிலேயே தமிழ் ஒளிந்திருக்கிறது. முருங்கை மரம் வரையப்பட்ட ஒரு பக்கத்தில், பாட்டி ஆய்ந்து வைக்கும் "முரும்" கீரைதான் இது என்று சொல்லிப் பாருங்கள், "கரிபூலே" கறிவேப்பிலையாக மாறும் விதத்தைச் சொல்லிப் பாருங்கள். அந்நியமாகத் தெரிந்த புத்தகம் குழந்தைக்குச் சொந்தமாகிவிடும்.

பேச்சு வரட்டும், பிறகு வாசிக்கலாம் என்று ஒத்திப்போடவும் கூடாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே வாசித்துக் காட்டுமாறு 2014-இல் பரிந்துரைத்தது. கடித்தாலும் கிழியாத கெட்டி அட்டைப் புத்தகம் அந்த வயதுக்குப் போதும். இங்கே தமிழ்ப் படப்புத்தகம் கிடைப்பது அரிது என்பவர்கள், குழந்தைகளுக்கான நூல்களை வெளியிடும் பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்திலிருந்து தமிழ்க் கதைகளை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அங்கே குறிப்பிட்டுள்ள வாசிப்பு நிலை எண்ணை மட்டும் நம்பாமல், இவற்றையும் வாய்விட்டு வாசித்துப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். கைப்பேசியின் சிறு திரையில் காட்டுவதைவிட அச்சிட்டுத் தைத்துக் கொடுப்பது மேல். ஒவ்வொரு கதையிலும் நீதி இருக்க வேண்டும் என்ற பிடிவாதத்தையும் விட்டுவிடலாம்.

கடைசியாக ஒன்று: குழந்தை ஒரே புத்தகத்தைக் கேட்கிறது என்பதற்காக அதை ஒளித்துவைத்துவிட்டுப் புதியதை நீட்டுவது. மூன்று வயதில் என் மகன் அந்த யானைக்குட்டிப் புத்தகத்தை ஒரு மாதம் முழுவதும் ஒவ்வோர் இரவும் கேட்டான். நானும் அதை என் பேச்சுத் தமிழுக்கு மாற்றியே சொல்லிவந்தேன். ஒருநாள் களைப்பில் இரண்டு பக்கங்களைச் சேர்த்துப் புரட்டிவிட்டேன். "பா கும்சா", அப்படி இல்லை என்று கிரியோலில் சொல்லி, தன் சின்ன விரல்களால் தாளைப் பின்னுக்குத் தள்ளி, குளத்துப் படத்தின் மேல் உள்ளங்கையை வைத்து, எனக்கு முன்னால் அவனே தமிழில் சொன்னான்: "கால் வழுக்குச்சு, தொப்!"