ஓடினால் தடிப்பு, குளித்தால் தடிப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

உடம்பில் திடீரென்று தடிப்புத் தடிப்பாக எழும்பி அரித்தால், நம் வீடுகளில் பழி முதலில் சாப்பாட்டின் மேல்தான் விழும். கத்தரிக்காய், கருவாடு, இறால் என்று ஒவ்வொன்றாக நிறுத்தி மாதக்கணக்கில் பத்தியம் இருப்பார்கள், தடிப்பு மட்டும் நிற்காது. சிலருக்கு அதைக் கிளப்புவது குளிர், சூடு, வியர்வை, உடற்பயிற்சி போன்றவைதான். அதனால் தடிப்பு வருவதற்குச் சற்று முன்பு என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று முதலில் யோசித்துப் பாருங்கள்.

உடம்புச் சூட்டால் தடிப்பு வருவது ஒரு வகை. இவர்களுக்கு ஓடினால், வெந்நீரில் குளித்தால், காரமாகச் சாப்பிட்டால், ஏன், பதற்றப்பட்டால்கூட உடம்பு சூடேறி, நெஞ்சிலும் கழுத்திலும் கைகளிலும் குண்டூசித் தலை அளவுக்குச் சின்னச் சின்னதாக எழும்பி, சுற்றிலும் சிவந்து, சுருக் சுருக்கென்று குத்தும். பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். இதை வேர்க்குரு என்று நினைத்துப் பவுடர் பூசுவது வீண். வேர்க்குரு இவ்வளவு சீக்கிரம் மறையாது.

குளிரால் வருவது வேறு. காலையில் பைக்கில் போகும்போது காற்று பட்ட கை, ஐஸ் தண்ணீர் டம்ளரைப் பிடித்த உள்ளங்கை என்று குளிர் பட்ட இடமே தடிக்கும், அதுவும் அந்த இடம் மறுபடி சூடாகும்போதுதான் நன்றாகத் தெரியும். இவர்களுக்கு அரிப்புக்கு ஐஸ் ஒத்தடம் கொடுப்பது எரிகிற இடத்தில் எண்ணெய் ஊற்றுவதுதான். அதைவிடப் பெரிய தவறு, 'கொஞ்சம் அரிக்கும், அவ்வளவுதானே' என்று தனியாகக் கிணற்றிலோ குளத்திலோ குதிப்பது. உடம்பு முழுக்க ஒரே நேரத்தில் குளிர்ந்தால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி, தண்ணீருக்குள்ளேயே மயங்கிவிடலாம். அருவிக் குளியலும் அப்படித்தான்.

அப்புறம் மாத்திரை. செட்டிரிசின் மாதிரியான அலர்ஜி மாத்திரையைத் தடிப்பு வந்த பிறகு ஒன்று போடுவது, இரண்டு நாள் நன்றாக இருந்தால் விட்டுவிடுவது, பலரும் செய்வது இதுதான். அடிக்கடி வருகிறவர்களுக்கு டாக்டர் தினமும் போடச் சொன்னால் தினமும் போட வேண்டும், வராமல் தடுப்பதுதான் அதன் வேலை. கேட்கவில்லை என்றால் அளவைக் கூட்டுவதும் அவர் முடிவு. உடனே அடங்குகிறதே என்று ஒவ்வொரு தடவையும் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள், தயவுசெய்து. சர்க்கரை, பிரஷர், எலும்புத் தேய்மானம் என்று அது வேறு வழியில் கணக்குத் தீர்க்கும்.

பயந்து உடற்பயிற்சியையே விட்டுவிடவும் தேவையில்லை, வெயில் தாழ்ந்த நேரத்தில் மெதுவாக ஆரம்பிக்கலாம். ஆனால் சிலருக்குக் கோதுமையோ இறாலோ சாப்பிட்ட சில மணி நேரத்துக்குள் ஓடினால் மட்டும் கடுமையாக வரும்; தனித்தனியாகச் செய்தால் ஒன்றும் ஆகாது என்பதால் கண்டுபிடிக்கவே நாளாகும். தடிப்போடு உதடு, நாக்கு வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ, தலை சுற்றினாலோ மாத்திரையைப் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். ஓட்டத்தை நிறுத்திவிட்டுப் படுங்கள், மூச்சு முட்டினால் உட்காருங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். அந்த நேரத்தில் உயிரைக் காப்பது தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான்.

குளிர் ஒத்துக்கொள்ளாதவர்கள் ஆபரேஷனுக்குப் போகும்போது மயக்க மருந்து டாக்டரிடம் இதை மறக்காமல் சொல்லிவிடுங்கள். தியேட்டர் ஏசியும் குளிர்ந்த டிரிப்ஸுமே போதும், தடிப்பைக் கிளப்ப.