போர் விமானங்களைக் கலந்து வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலம் அம்மாபேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிறு காலையில் ஏழெட்டுப் பிள்ளைகள் கூடுவார்கள். எல்லோரும் விமானப்படைத் தேர்வுக்குப் படிக்கிறவர்கள். கணக்கும் இயற்பியலும் முடிந்த பிறகு கடைசி அரை மணி நேரத்துக்கு ஒரு பயிற்சி கொடுப்பேன். "ஒரு நாட்டின் விமானப்படை உங்கள் பொறுப்பில் இருக்கிறது. நூறு போர் விமானம் வாங்கப் பணம் இருக்கிறது. எதை எத்தனை வாங்குவீர்கள்? ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்."

தாள்கள் திரும்பி வரும். ரஃபேல் நாற்பது, எஃப்-35 இருபது, சுகோய் பத்து, மிச்சத்துக்குத் தேஜஸ். ஒரு பெண்ணின் தாளில் எட்டு வகை விமானம் இருந்தது. அந்தத் தாள்களில் திரும்பத் திரும்ப வருகிற தவறுகளை இங்கே எழுதுகிறேன். பள்ளிப் பிள்ளைகள் மட்டும் செய்கிற தவறு என்று நினைக்க வேண்டாம். பெரிய அரசாங்கங்களே இதில் சறுக்கியிருக்கின்றன.

முதல் தவறு, விமானத்தின் பெயரிலிருந்து ஆரம்பிப்பது. வேலையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். தஞ்சாவூரை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 ஜனவரியில் அங்கே சுகோய்-30 விமானங்களோடு 222-ஆவது படைப்பிரிவு நிறுத்தப்பட்டது. அதன் முக்கிய ஆயுதம் பிரமோஸ். அந்த ஏவுகணை ஒன்றே சுமார் இரண்டரை டன். அதைச் சுமந்துகொண்டு கடலுக்கு மேல் வெகுதூரம் போய்த் திரும்ப, இரண்டு இன்ஜின் உள்ள கனரக விமானம்தான் வேண்டும். கோவைக்குப் பக்கத்தில் சூலூரில் இருப்பதோ ஒற்றை இன்ஜின் தேஜஸ். பக்கத்து வானத்தைக் காவல் காக்க அது போதும், செலவும் குறைவு. அமெரிக்கா 1970-களில் எஃப்-15 விமானத்தோடு எஃப்-16 விமானத்தையும் சேர்த்துக்கொண்டது இதே கணக்கில்தான். விலை உயர்ந்த கனரக விமானம் கொஞ்சம், இலகுவானது நிறைய. கலவை என்பதன் அடிப்படையே இதுதான்.

"ஏனுங்க சார், எல்லாத்தையும் ஒரே வகையா வாங்கிட்டா பிரச்சினையே இல்லைங்களே?" என்று ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. 1960-களில் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் மெக்னமாரா, விமானப்படைக்கும் கடற்படைக்கும் சேர்த்து எஃப்-111 என்ற ஒரே விமானத்தைச் செய்யச் சொன்னார். கப்பலில் இறங்க அது கனம் அதிகம். கடற்படைக்கான வடிவத்தை 1968-லேயே கைவிட்டார்கள். அதோடு, இருப்பது ஒரே வகை என்றால், அதில் ஒரு பழுது தெரிந்து எல்லாவற்றையும் தரையில் நிறுத்தும் நாளில் வானமே காலியாகிவிடும்.

சரி, அதற்காக எட்டு வகையா? இங்கேதான் நான் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் இதைச் சின்ன வயதிலேயே கண்ணால் பார்த்தவன் நான். சங்ககிரியில் அப்பாவிடம் மூன்று லாரி இருந்தது. இரண்டு ஒரு கம்பெனி, மூன்றாவது வேறு கம்பெனி. ஷெட்டில் சுவரோரம் ஒரு இரும்பு ரேக். மேல் தட்டில் ஃபில்டர்கள், நடுவில் கிளட்ச் பிளேட், கீழே பட்டைகளும் பேரிங்குகளும். அந்த மூன்றாவது லாரிக்காக மட்டும் ரேக்கில் பாதியை ஒதுக்க வேண்டியிருந்தது. அதற்கான ஸ்பேனர் செட் தனி. அதன் பம்பைப் பிரிக்கத் தெரிந்த மெக்கானிக் ஊரில் ஒருவர்தான், அவர் திருவிழாவுக்குப் போய்விட்டால் லாரி நான்கு நாள் நிற்கும். அப்பா அந்த லாரியை விற்றபோது ரேக்கில் மிஞ்சிய சாமான்களை வாங்க ஆளே வரவில்லை.

போர் விமானத்தில் இதே கதை பல நூறு மடங்கு பெரிது. ஒவ்வொரு வகைக்கும் தனி உதிரிபாகம், தனிச் சோதனைக் கருவி, தனிப் பயிற்சி பெற்ற தொழில்நுட்பர்கள், விமானிகளுக்குத் தனி சிமுலேட்டர். ஆயுதமும் அப்படித்தான். ரஃபேலில் இருக்கும் மீட்டியோர் ஏவுகணையைக் கழற்றிச் சுகோயில் மாட்ட முடியாது. பழைய மிக்-21 ஓய்வு பெற்ற பிறகும் இந்திய விமானப்படையில் சுகோய்-30, ரஃபேல், மிராஜ்-2000, மிக்-29, ஜாகுவார், தேஜஸ் என்று ஆறு வகை இருக்கின்றன. ஜாகுவாரை இன்றைக்கும் பறக்கவைப்பது இந்தியா மட்டும்தான். பாகங்களுக்காகப் பிரான்சும் ஓமானும் ஓய்வு கொடுத்த பழைய ஜாகுவார்களை வாங்கிவந்து பிரிக்கிறோம்.

இதோடு ஒட்டிய தவறு, வாங்கியதை எண்ணி, பறப்பதை எண்ணாமல் விடுவது. மலேசியாவிடம் ரஷ்யா, அமெரிக்கா, பிரிட்டன் என்று மூன்று நாட்டு விமானங்களும் இருந்தன. 2018-ல் அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சர் முகமது சாபு, ரஷ்யாவில் வாங்கிய 28 போர் விமானங்களில் 4 மட்டுமே பறக்கும் நிலையில் இருப்பதாகச் சொன்னார். பராமரிப்பு சரியாக நடக்கவில்லை. காகிதத்தில் 28, காலையில் கிளம்ப 4. நம் ஊரில் ஒரு படைப்பிரிவு என்றால் வழக்கமாக 18 விமானம். அதில் எப்போதும் சில சர்வீஸில் இருக்கும், சில பயிற்சிக்குப் போயிருக்கும். எஃப்சி வேலைக்கு நிற்கும் லாரியை லோடுக்கு எண்ண முடியுமா? பிள்ளைகள் தாளில் 100 என்று எழுதினால், பக்கத்தில் "நாளைக் காலை எத்தனை?" என்று சிவப்பு மையில் எழுதிக் கொடுப்பேன்.

விலையிலும் அப்படித்தான். வாங்கும் விலை முதல் தவணை மாதிரி. அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பு 2024-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, அவர்களுடைய எஃப்-35 விமானங்களை ஆயுள் முழுக்கப் பராமரிக்க மட்டும் 1.58 லட்சம் கோடி டாலர் ஆகும். வாங்கும் செலவைப் போல மூன்று மடங்குக்கும் மேல்.

அப்புறம், இடம். ஏற்காடு மேலே போய் ஒரு கடையில் தொங்கும் சிப்ஸ் பாக்கெட்டைப் பாருங்கள். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்ததில் பலூன் மாதிரி உப்பியிருக்கும். வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்ததுதான் காரணம். ஏற்காடு இருக்கும் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தை விட ஏறக்குறைய 14 சதவீதம் குறைவு. லே விமானதளம் 3,200 மீட்டருக்கு மேல். அங்கே கால் பங்குக்கும் மேல் குறைந்துவிடும். இறக்கைக்குத் தூக்கும் விசை குறைகிறது, இன்ஜினுக்கும் மூச்சு குறைகிறது. ஆகவே அதே விமானம் அங்கிருந்து குறைந்த குண்டும் குறைந்த எரிபொருளும் ஏற்றிக்கொண்டுதான் எழும்பும். இந்தியா 126 போர் விமானம் வாங்க நடத்திய போட்டியில் வந்தவற்றைப் பெங்களூரு, ஜெய்சல்மேர், லே மூன்று இடத்திலும் பறக்கவிட்டுச் சோதித்தது இதனால்தான். விற்பனைக் கையேட்டில் இருக்கும் எண்ணை அப்படியே நம்பக் கூடாது.

எனக்கு மனசு கனக்கிற தவறு ஒன்று உண்டு. போர் விமானத்தை மட்டும் பார்த்து, அதற்குத் துணையானதை மறப்பது. வானில் எரிபொருள் நிரப்பும் டேங்கர், தூரத்திலிருந்தே எதிரியைப் பார்க்கும் ரேடார் விமானம், பயிற்சி விமானம். மேம்பட்ட ஜெட் பயிற்சி விமானம் தேவை என்று, நம் விமானப்படை விபத்துகளை ஆராய்ந்த லா ஃபோன்டேன் குழு 1982-ல் பரிந்துரைத்தது. ஹாக் என்ற பயிற்சி விமானத்துக்கு ஒப்பந்தம் போட்டது 2004-ல், அது படைக்கு வந்தது 2008-ல். இடைப்பட்ட அத்தனை வருடமும் இருபத்து சொச்சம் வயதுப் பிள்ளைகள் இடைநிலை விமானம் இல்லாமலேயே மிக்-21 போன்ற வேகமான, இறக்கக் கடினமான விமானத்துக்கு மாறினார்கள். அதில் எத்தனையோ வீட்டில் பிள்ளை திரும்பவில்லை. விபத்துகளுக்குக் காரணம் பல உண்டு. ஆனால் பயிற்சி விமானத்தைத் தள்ளிப்போட்டதும் அவற்றில் ஒன்று. பட்டியலில் டேங்கரும் பயிற்சி விமானமும் இல்லாத தாளுக்கு நான் மதிப்பெண் போடுவதில்லை.

காலண்டரைப் பார்க்காததும் பெரிய தவறு. மிக்-21 நம்மிடம் வந்தது 1963-ல், விடைபெற்றது 2025 செப்டம்பர் 26-ல். 62 வருடம். அதன் இடத்துக்கு வர வேண்டிய இலகு ரக விமானத் திட்டத்துக்கு, அதாவது இன்றைய தேஜஸுக்கு, 1983-ல் ஒப்புதல், முதல் பறப்பு 2001-ல், முதல் படைப்பிரிவு 2016-ல். நடுவில் 126 விமானத்துக்கு 2007-ல் டெண்டர் விட்டு, 2012-ல் ரஃபேலைத் தேர்ந்தெடுத்து, 2015-ல் கைவிட்டு, 2016-ல் 36 மட்டும் வாங்கினோம். இருக்க வேண்டியது 42 படைப்பிரிவு, மிக்-21 போன அன்று கையில் இருந்தது 29. எது நல்ல விமானம் என்று யோசித்துக்கொண்டே இருந்த வருடங்களில் பழையவை கழிந்துகொண்டே இருந்தன.

கடைசியாக, சாவி யார் கையில் என்ற கேள்வி. பாகிஸ்தான் ஆர்டர் கொடுத்த எஃப்-16 விமானங்களில் 28-ஐ 1990-க்குப் பிறகு அமெரிக்கா கொடுக்கவே இல்லை. 1998-ல் பொக்ரான் சோதனைக்குப் பிறகு தேஜஸுக்குக் கிடைத்துவந்த அமெரிக்க உதவி நின்றது. 2021-ல் ஆர்டர் கொடுத்த 83 தேஜஸ்களும் அமெரிக்க இன்ஜினுக்காகக் காத்திருந்தன. அதனால் ஒரே நாட்டையும் நம்பக் கூடாது, வகையையும் பெருக்கக் கூடாது. இரண்டும் எதிரெதிராக இழுக்கும். என் கருத்து இது: மூன்று வகை, விற்பவர்கள் இரண்டு நாட்டுக்கு மேல் வேண்டாம், பாகங்களில் முடிந்த வரை உள்ளூரில் செய்தது. தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் சேலமும் ஒன்று. இங்கே பட்டறை வைத்திருப்பவர்களுக்கு இது வெறும் செய்தியாகப் போய்விடக் கூடாது என்பது என் ஆசை.

போன வாரம் அந்த எட்டு வகைத் தாளை எழுதிய பெண் மறுபடி எழுதிக்கொண்டு வந்தாள். இப்போது மூன்று வகை. நூறு, எழுபத்தாறு ஆகியிருந்தது. மிச்சப் பணத்தில் ஆறு டேங்கர், பதினாறு பயிற்சி விமானம், ஐந்து வருடத்துக்கு உதிரிபாகம். ஓரத்தில் லேவுக்கு என்று தனியாக ஒரு எடைக் கணக்கு. இன்ஜின் எந்த நாட்டிலிருந்து என்ற கட்டத்தை மட்டும் பென்சிலால் எழுதி, அழித்து, காலியாக விட்டிருந்தாள். வரும் ஞாயிறு அந்தக் கட்டத்தைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.